ஸ்ரீரங்கத்துப் பாகவதரை செபஸ்தியான் தொலைத்த கதை

காவிரிக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் செபஸ்தியான் கழுவித் துடைக்காத ரெக்கார்டே கிடையாது. மலைக்கோட்டையில் யாராவது ஒரு பழைய ரெக்கார்டைத் தூசி தட்டினால், எடமலைப்பட்டி புதூரில் உட்கார்ந்திருக்கும் அவருக்குத் தும்மல் வரும். சரி, இதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். தும்மலை முழுசாகவே தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பது உண்மை. அப்பா காலத்து ரெக்கார்டைப் பென் டிரைவில் ஏற்றிக் காரில் போகும்போது கேட்க வேண்டும் என்று திருச்சியில் யாருக்காவது ஆசை வந்தால், பக்கத்தில் இருப்பவர் ஒருவர் தவறாமல் சொல்லுவார், "செபஸ்தியான் கிட்ட குடுங்க" என்று.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் செபஸ்தியான். ஓய்வு பெற்றதும் மனைவி பிரான்சியை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார், கூட்டியும் போனார். ஆனால் வழியில் நாகப்பட்டினத்தில் பழைய சாமான் கடை ஒன்றின் வாசலில் ரெக்கார்டுக் கட்டு ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. பிரான்சி தனியாகப் போய் மாதாவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் அதே வாசலில், அதே கட்டுக்கு முன்னால், அப்படியே குந்திக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. வருகிற ரெக்கார்டுக்கு முதலில் பூந்திக்கொட்டை ஊறின தண்ணீரில் குளியல். பிறகு பிரான்சியின் தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, நிழலில் காய வைப்பார். சாப்பாட்டுத் தட்டுகள் வாளிக்குள் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் மதுரை ரயில் பாதை. வண்டி போனால் சுவர் அதிரும், சுவர் அதிர்ந்தால் பிளேயரின் முள் நடுங்கும், நடுங்கின முள்ளில் பாட்டு பிசிறடிக்கும். அதற்காக அம்மிக்கல்லைத் தூக்கி வந்து அதன் மேல் பிளேயரை உட்கார வைத்தார். அம்மியில் அரைத்த துவையல் அந்த வீட்டில் அன்றோடு நின்றது. அப்படியும் நம்பிக்கை வராமல், "வைகை எக்ஸ்பிரஸ் தாண்டட்டும்" என்று காத்திருந்துதான் முள்ளை வைப்பார். வண்டி தாமதமானால் அதில் வருகிற பயணிகளைவிட இவருக்குத்தான் அதிகக் கோபம்.

மார்கழியில் ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து முரளிதரன் வந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று ஒரு மஞ்சள் பையை நீட்டினார். வீட்டில் பிளேயர் உயிரை விட்டுவிட்டதாம். பைக்குள் இருப்பதையெல்லாம் மார்கழிக் கடைசியில் வருகிற கூடாரவல்லிக்கு முன்னால் பென் டிரைவில் ஏற்றித் தர வேண்டுமாம், அம்மா சொல்லி அனுப்பினாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் அவசரமாகப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பையில் இருந்தவை எல்லாம் பெரிய ரெக்கார்டுகள். ஒன்று மட்டும் சின்னது. அதன் நடுவில் ஒட்டியிருக்க வேண்டிய காகிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை; மொழுமொழுவென்று வெண்ணெய் தடவினதுபோல் இருந்தது. செபஸ்தியான் முகர்ந்து பார்த்தார். நெய் வாசனை. வரிகளுக்குள் வெல்லம்கூடக் கொஞ்சம் இறுகிக் கிடந்தது. இசையைக் கேட்டார்களா, தாளித்தார்களா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்கு மட்டும் இரண்டாவது குளியல் போட்டார்.

பெரிய ரெக்கார்டு நிதானமாகச் சுற்றும். சின்னது வேகமாகச் சுற்ற வேண்டும். ரெக்கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. செபஸ்தியான் பிளேயரின் திருகை வேகத்துக்குத் திருப்பி முள்ளை வைத்தார். ஒரு பெண் பாடினாள். சின்ன வயதுக்காரியாக இருக்க வேண்டும். பிஞ்சு வெண்டைக்காயை ஒடித்தால் வருமே ஒரு சத்தம், அப்படி ஒரு சுத்தம் குரலில். ரெங்கநாதரைப் பற்றின பாட்டு. பிரான்சி கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்று கேட்டாள். செபஸ்தியான் லேப்டாப்பில் அந்தப் பாட்டின் கீறல் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பேன் எடுப்பதுபோல எடுத்தார். அவர் கையில் அவ்வளவு சுத்தமாக வந்த பாட்டு வேறு கிடையாது. பென் டிரைவையும் பையையும் முரளிதரனிடம் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பாராட்டு வரும் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

போன் வந்தது. முரளிதரனின் அம்மா ரெங்கநாயகி மாமி.

"செபஸ்தியான் சார், எங்காத்துப் பாகவதரை என்ன பண்ணினேள்?"

மாமி விஷயம் என்னவென்றால், அக்காரவடிசிலில் அவரை மிஞ்ச சித்திரை வீதியில் ஆள் கிடையாது. கூடாரவல்லி அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு அக்காரவடிசில்தான். பாலிலேயே அரிசியைக் குழைய வேகவைத்து, வெல்லப்பாகு விட்டு, நெய்யைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றிக் கிளற வேண்டும். பாகு விட்ட பிறகு எவ்வளவு நேரம் கிளறுவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். மாமிக்கு அந்தக் கவலையே கிடையாது. பாகை விட்டதும் அந்தச் சின்ன ரெக்கார்டைப் போடுவார். பாகவதர் கனத்த குரலில் அசைந்து அசைந்து பாடுவார். பாட்டு முடிந்ததும் உருளியை இறக்குவார். பதம் தப்பியதே இல்லை. நெய்க் கையோடு ரெக்கார்டைத் தொட்டுத் தொட்டுத்தான் அந்தக் காகிதம் அப்படி ஆனது.

அந்தப் பாகவதரைத் தனக்கு நேரிலேயே தெரியும் என்றும் மாமி போனில் சொன்னார். மாமி கல்யாணமாகி வந்த புதிதில் பாகவதர் ஒருமுறை வீட்டுக்கு வந்தாராம். ஆறடி உயரம், காதில் வைரக் கடுக்கன், நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வர முடிந்ததாம். மாமி பரிமாறின அக்காரவடிசிலை உருளியோடு முடித்துவிட்டு, "இது கையில்லை, க்ஷீராப்தி" என்று பாற்கடலுக்கே ஒப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாராம். இந்தக் கதை தெரியாதவர்கள் சித்திரை வீதியில் குடியிருக்க முடியாது. வருஷா வருஷம் கடுக்கனின் அளவு கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது பென் டிரைவுக்கு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று மாமி ஒரு சின்னப் பாத்திரத்தில் அக்காரவடிசில் வைத்திருக்கிறார். பாகை விட்டதும் பாட்டைப் போட்டால் யாரோ ஒரு பெண் பாடுகிறாள். என்னவோ ஏதோ என்று கை தன்பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருக்க, பாட்டு சட்டென்று முடிந்துவிட்டது. முடிந்ததும் பழக்கத்தில் கை இறக்கிவிட்டது. பால் ஒரு பக்கம், வெல்லம் ஒரு பக்கம், நடுவில் அரிசி யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்தது. மாமி போனில் அதைச் சொன்ன விதத்தில் செபஸ்தியானுக்கே நாக்கில் பச்சை வெல்லம் கசந்தது. அந்தப் பையில் இருந்த ஒரே சின்ன ரெக்கார்டு அதுதான் என்று அவர் எத்தனை முறை சொல்லியும் மாமி கேட்கவில்லை. யார் வீட்டு ரெக்கார்டையோ மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள், கூடாரவல்லிக்குள் எங்கள் பாகவதர் வந்தாக வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சேதி உத்தர வீதியில் புறப்பட்டால் அடுத்த வீதிக்கு அது நடந்து போவதில்லை, பறந்துதான் போகும். செபஸ்தியான் நல்ல ரெக்கார்டுகளை வைத்துக்கொண்டு வேறு எதையோ கொடுக்கிறாராம் என்று ஆகிவிட்டது. திருவானைக்காவலில் இருந்து ஒருவர் வந்தார். ஒன்றும் அவசரம் இல்லை, சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பத் தருகிறோம் என்று சிரித்துக்கொண்டே தன் ரெக்கார்டுகளை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. தட்டு ஸ்டாண்டு காலியானது. பிரான்சி தட்டுகளை மறுபடியும் அதில் அடுக்கினாள். பணிமனையில் ஒரு பெட்டியின் போல்ட் அடுத்த பெட்டிக்குப் போனது என்று அவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒருவேளை மாறித்தான் போயிருக்குமோ என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. அதே வாரத்தில் ரெக்கார்டு கொடுத்திருந்தவர் முஜிபுர் ரஹ்மான். மலைக்கோட்டைக் கடைவீதியில் குடைக்கடை வைத்திருப்பவர். செபஸ்தியான் அங்கே போய், அவர் வீட்டு ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டார். அத்தனையும் கவாலி. ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு பாகவதருக்காகக் காத்திருந்ததைப் பார்த்து முஜிபுர் ரஹ்மானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சார், கடுக்கன் போட்டுக்கிட்டு ஒருத்தர் உள்ள இருந்தா எனக்குத் தெரியாம போயிருமா? டீயக் குடிங்க."

டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கூடாரவல்லிக்கு முந்தின நாள், மாமியின் பையை முரளிதரனிடமிருந்து மறுபடி வாங்கி வந்து, அந்தச் சின்ன ரெக்கார்டைப் போட்டார். வேறு யாருடைய வேலையும் கையில் இல்லை. பெண் பாடினாள். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதிப் பாட்டில் கரண்ட் போயிற்று.

பிளேயர் ஓடுவது வீட்டுக் கரண்டில். பாட்டு வெளியே வருவது லேப்டாப் வழியாக. அதற்குப் பேட்டரி உண்டு. ஆகவே பாட்டு உடனே நிற்கவில்லை. தட்டு மெதுவாகிக்கொண்டே வர, பெண்ணின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நிற்பதற்குச் சற்று முன்னால், தொண்டை கனத்த ஓர் ஆண் ரெங்கநாதரைக் கூப்பிட்டார்.

சமையலறையிலிருந்து பிரான்சி எட்டிப் பார்த்தாள். "யாருங்க வந்திருக்கா? உட்காரச் சொல்லுங்க, காபி போடுறேன்."

செபஸ்தியான் எழுந்து நின்றார். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. முரளிதரனுக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுப் பிளேயரில் வேகம் மாற்றுகிற திருகு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். திருகே கிடையாது என்றார் முரளிதரன். தவழுகிற வயதில் தான் அதைப் பிடுங்கி விழுங்கிவிட்டதாக அம்மா சொல்லுவாராம். விழுங்கினாரோ இல்லையோ, பிளேயர் அன்றைக்கு நிதானத்தில் நின்றதுதான். வீட்டில் இருந்தவை எல்லாம் பெரிய ரெக்கார்டுகள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஒரு சின்ன ரெக்கார்டு மட்டும் இத்தனை வருஷமும் பெரிய ரெக்கார்டின் நிதானத்தில் சுற்றியிருக்கிறது. பாடினவள் பாகவதராகிவிட்டாள்.

கரண்ட் வந்ததும் திருகை நிதானத்துக்குத் திருப்பினார். பாகவதர் முழுசாக வந்து, அசைந்து அசைந்து பாடினார். செபஸ்தியானுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரான்சிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரித்து முடித்தபிறகுதான் அவளுக்கு வேறு ஒன்று தோன்றியது.

"அப்ப அந்த அம்மா பரிமாறுனாங்களே, கடுக்கன்காரரு. அப்படி ஒரு மனுஷனே இல்லன்னு போய்ச் சொல்லப் போறீங்களா? நல்ல நாளும் அதுவுமா?"

அவருக்கும் அது உறைத்தது. பேசாமல் நிதானப் பாட்டையே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்தால் என்ன சொல்வார்கள்? ஒளித்து வைத்திருந்த பாகவதரைப் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பார்கள். கொடுக்காவிட்டால் திருடன், கொடுத்தால் அகப்பட்ட திருடன்.

"எனக்கு என் பேரு வேணும் பிரான்சி," என்றார். "நாலு பேரு முன்னால ரெண்டு வேகத்துலயும் போட்டுக் காட்டப் போறேன். அந்த அம்மா என்ன நினைச்சாலும் சரி."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வாசலில் இருந்து இன்னும் இறக்கவில்லை. பிளேயரைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார். லேப்டாப்பும் ஸ்பீக்கரும் பிரான்சியின் மடியில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு மாறும்போது ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்; போர்வைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காவிரிப் பாலம் முழுக்க செபஸ்தியான் நின்றுகொண்டே வந்தார்.

மாமி வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். பாகவதர் தொலைந்த வீட்டில் இந்த வருஷம் அக்காரவடிசில் எப்படி வரப்போகிறது என்று பார்க்க வந்த கூட்டம் என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே முரளிதரனின் மனைவி ப்ரீத்தி அடுப்பில் உருளியோடு இருந்தாள். அரிசி பாலில் குழைந்தாகிவிட்டது. மாமி கூடத்து வாசற்படியில் நின்று இரண்டு பக்கத்தையும் ஆண்டுகொண்டிருந்தார்.

"பாகவதர் வந்துட்டாரா?" என்றார் செபஸ்தியானைப் பார்த்து.

"வந்திருக்காரும்மா. ஆனா தனியா வரல."

அவர் தரையில் பிளேயரை வைத்து, நெய் படிந்த சின்ன ரெக்கார்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். இது உங்கள் ரெக்கார்டுதானா என்று மாமியிடமே கொடுத்துக் கேட்டார். மாமி காகிதத்தைத் தடவிப் பார்த்தார். தன் விரல் தனக்குத் தெரியாதா? ஆமாம் என்றார். பாகை விடச் சொல்லி உள்ளே ப்ரீத்திக்குக் குரல் கொடுத்துவிட்டு, "போடுங்கோ" என்றார்.

செபஸ்தியான் வேகத்தில் போட்டார். பெண் பாடினாள். கூடத்தில் ஒரே சலசலப்பு. எவ்வளவு நன்றாயிருக்கிறது என்றாள் ஒருத்தி. பாகவதர் எங்கே என்றாள் இன்னொருத்தி. பாகவதருக்கு ஜலதோஷம் என்றாள் மூன்றாமவள். மாமி கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் செபஸ்தியானுக்குத் திருகு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிற்று. பிரான்சி முழங்கையால் ஓர் இடி கொடுத்தாள். அவர் பாட்டை நிறுத்தாமலே திருகைத் திருப்பினார். பெண்ணின் குரல் அப்படியே சறுக்கிக் கீழே போய், பாகவதராக எழுந்து நின்றது.

அவர் மறுபடி திருப்பினார், பெண். மறுபடி, பாகவதர். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததும் எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் மாமி பக்கம் திரும்பியது. செபஸ்தியான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தன் பேரை மீட்ட சந்தோஷம் அவருக்கு அந்த நிமிஷம் வரவில்லை. அடுத்த வீட்டு அனுசுயா மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏன் மாமி, பாடினது இவள்னா, நீங்க கையால போட்டு உருளியோட சாப்பிட்டாரே, அவர் யாரு?"

மாமி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அவர் இவளோட ஆத்துக்காரர்," என்றார். "பாவம், நன்னா சாப்பிடுவாரே தவிர, பாட்டெல்லாம் வராது."

கூடம் அதிரச் சிரித்தது. மாமி அதற்கெல்லாம் அசரவில்லை. சிரிப்பு ஓய்வதற்குள் எல்லோரும் கேட்கும்படி, ரெக்கார்டு எங்காத்துதுதான், மாறவே இல்லை, செபஸ்தியான் சாரை ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, சொன்னவா இந்தாத்து அக்காரவடிசிலுக்குக் கையை நீட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். சொல்ல ஆரம்பித்ததே மாமிதான் என்பதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அடுப்பிலிருந்து வந்த வாசனை அப்படி. பிறகு சம்பிரதாயத்துக்குப் பாகவதரை முதலிலிருந்து முழுசாகப் பாட வைத்தார்கள். பாட்டு முடிந்ததும் மாமி உள்ளே பார்த்து, "ப்ரீத்தி, இறக்கு" என்றார். "ஆச்சும்மா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணிவிட்டுத் தொன்னையில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். பாலும் வெல்லமும் எது எது என்று தெரியாமல் ஒன்றாகிக் கிடந்தன; அரிசியைத் தேடினாலும் அகப்படவில்லை. நெய் பிரான்சியின் மணிக்கட்டைத் தாண்டி வளையல் வரை போயிற்று. செபஸ்தியான் இரண்டாம் தொன்னை வாங்கிக்கொண்டார். திருவானைக்காவல்காரர் ரெக்கார்டுகளை நாளைக்கே திரும்பக் கொண்டுவந்து தருவார், அது என் பொறுப்பு என்றாள் அனுசுயா. அவர் அவளுக்கு மைத்துனராம். செபஸ்தியானுக்குத் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்தது.

மாமி நடுக்கூடத்தில் நின்றுகொண்டார். "பார்த்தேளா? பாகவதர் குரல் விழுந்ததும் பதம் தன்னால வந்துடுத்து."

"அந்த நிதானத்துலதான்மா சூட்சுமம்," என்றார் செபஸ்தியான், தொன்னையை வழித்துக்கொண்டே. "நான் திருகுனதும் வாசனையே மாறுச்சே, கவனிச்சீங்களா?"

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ப்ரீத்தி காலி உருளியைக் கழுவ எடுத்துக்கொண்டு குறுக்கே போனவள், ஒரு நிமிஷம் நின்றாள்.

"அந்தப் பொண்ணா பாகவதரான்னு நீங்கள்லாம் இங்க பேசிண்டிருந்தேளே அம்மா, அப்பவே நான் கரண்டியில எடுத்துப் பார்த்து இறக்கி வெச்சுட்டேன். பாகவதர் முதல்லேர்ந்து பாட ஆரம்பிக்கறப்போ அடுப்பே எரியலை."